பேச இடமில்லாத ஊரில் காதல் கதை: மலையகத்திலிருந்து நாவல் எழுத வருபவர்களுக்கு

ஹட்டனிலிருந்து கொட்டகலைக்குக் கோச்சியில் போனவர்களுக்குச் சிங்கமலைச் சுரங்கம் தெரியும். பெட்டிக்குள் சட்டென்று இருட்டு விழும். பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் திரும்பிவிடும். என் முதல் தொடர்கதையில் நாயகனும் நாயகியும் முதன்முறையாகக் கைகோத்தது அந்த இருட்டில்தான். வேறு இடம் எனக்குக் கிடைக்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பேசினால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேசினால் தோட்டத்துக்கே கேட்கும். எங்கள் ஊரில் இரண்டு பேர் காதலிக்க வேண்டுமென்றால் முதலில் பேசிக்கொள்ள ஓர் இடம் தேட வேண்டும். மலையகக் காதல் நாவலில் பாதிக் கதை அந்தத் தேடல்தான்.

காதல் கதை எழுத ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர்கள், கொழும்புக் கடையில் வேலை செய்பவர்கள், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியில் தட்டச்சுச் செய்யும் இளம் தாய்மார். எங்கே தொடங்குவது, யாரிடம் கொடுப்பது, பணம் வருமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்கு ஓர் இடம்

காதலர்களுக்கு இல்லாத இடம் எழுதுபவருக்கும் இல்லை. தனி அறை கிடைத்தபின் எழுதலாம் என்று காத்திருந்தால் வயதுதான் போகும். இடம் கிடைக்காவிட்டால் நேரத்தைப் பிடியுங்கள். நான் எழுதியது விடியற்காலை நான்கரையிலிருந்து, அடுப்பு மூட்டும்வரை. சாயத்தண்ணி ஒரு கோப்பை, ஒரு கொப்பி, ஒரு பேனை. ஒரு நாளைக்கு 300 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 நாட்களில் 45,000 சொற்கள் சேர்ந்துவிடும். ஒரு காதல் நாவலுக்கு அது போதும்.

கைத்தொலைபேசியில் எழுதுவதில் குறையொன்றும் இல்லை. ஆனால் யூனிகோட் தமிழில் எழுதுங்கள். நம் நாட்டு அச்சகங்களும் பத்திரிகைகளும் இன்னமும் பாமினி எழுத்துருவைப் பெரிதும் பயன்படுத்துகின்றன. யூனிகோடில் இருப்பதைப் பாமினிக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறும் என்பதால், மாற்றிய பிரதியை ஒருமுறை வரி வரியாக வாசித்துவிட்டே அனுப்புங்கள். எழுதியதை ஒவ்வோர் இரவும் உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். மழையில் நனைந்த தொலைபேசியோடு பதினொரு அத்தியாயங்களைப் பறிகொடுத்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவள் மறுபடி எழுதவே இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

இருக்கும் வேலையை விடாதீர்கள். இதைப் பற்றிக் கடைசியில் இன்னும் சொல்கிறேன்.

பிரித்துப் பார்த்து வாசியுங்கள்

காதல் நாவலுக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. கதையின் நடுவில் இருவரின் உறவு இருக்க வேண்டும். முடிவில் வாசகர் மனம் நிறைய வேண்டும். 1908இல் லண்டனில் பொதுப் பதிப்பகமாகத் தொடங்கி, 1930களில் காதல் நாவல்கள் பக்கம் திரும்பிய மில்ஸ் அண்ட் பூன் ஏறக்குறைய 50,000 சொற்களில் இந்த ஒப்பந்தத்தை இன்றுவரை காப்பாற்றி வருகிறது. தமிழ்நாட்டு வார இதழ்களின் தொடர்கதைகளும் மாத நாவல்களும் அதே ஒப்பந்தத்தைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தன. நம் நாட்டிலும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த 1970களில், வீரகேசரி நிறுவனம் உள்ளூர் எழுத்தாளர்களின் நாவல்களை வரிசையாக வெளியிட்டது. இங்கே வாங்கி வாசிக்க ஆளில்லை என்று யாராவது சொன்னால் அந்தக் காலத்தை நினைவூட்டுங்கள்.

உங்களுக்குப் பிடித்த காதல் நாவல் ஒன்றை எடுத்து, அத்தியாயத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: இதில் யாருக்கு என்ன வேண்டும், எது மறிக்கிறது, முடிவில் இருவரும் நெருங்கினார்களா விலகினார்களா. இருபது அத்தியாயத்துக்கு இருபது வரி. கதையின் எலும்பு தெரிந்துவிடும். பிறகு 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் மலையகப் புனைகதைகளைத் தேடி வாசியுங்கள், கட்டணம் இல்லை. அவற்றில் காதல் ஓரமாகத்தான் வரும். ஆனால் நம் மக்கள் எப்படிப் பேசினார்கள், எதற்கு அழுதார்கள் என்பதற்கு அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை.

மறிப்பது எது

புதிதாக எழுதுபவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில். இருவரும் பார்க்கிறார்கள், பிடித்துவிடுகிறது, மூன்றாம் அத்தியாயத்தில் சொல்லியும் விடுகிறார்கள். மிச்சப் பக்கங்களுக்கு ஒரு வில்லனையோ விபத்தையோ இறக்குமதி செய்கிறார்கள். நம் வாழ்க்கையில் அதற்குத் தேவையே இல்லை.

சொல்லிப் பாருங்கள். சாதி. தோட்டத்தில் எல்லாரும் ஒரே கொழுந்தைத்தான் பறிக்கிறோம், ஆனால் பெண் கேட்டுப் போகும்போது எந்த லயத்துக்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்று வீட்டில் பெரியவர்களுக்கு மனப்பாடம். மதம். மேல் டிவிசனில் மாரியம்மன் கோயில், கீழ் டிவிசனில் தேவாலயம். முறை. மாமன் மகனுக்கென்று பிறந்த அன்றே பேசி வைத்த பெண். தூரம். பையன் கொழும்பில் கடையில், பெண் கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில், தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும்தான் சந்திப்பு. அல்லது அவள் வீட்டுக் கடனுக்காக இரண்டு வருட ஒப்பந்தத்தில் வளைகுடா நாட்டில். இவை ஒவ்வொன்றும் ஒரு முழு நாவலைத் தாங்கும். ஒன்றை மட்டும் எடுங்கள். நாலையும் ஒரே கதையில் போட்டால் ஒன்றும் வலிக்காது.

சரித்திரக் காதல் எழுத விரும்புபவருக்கு நம்மிடம் ஒரு பெரும் பிரிவு இருக்கிறது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்களாக இருந்த நம்மவர்கள் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று தீர்மானித்தார்கள். யாரையும் கேட்கவில்லை. மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல்; 1984இல் அந்தக் கப்பலும் நின்றது. ஒரு லயத்தில் ஒரு குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு, அடுத்த காம்பராவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. நடுவில் ஒரு பையனும் ஒரு பெண்ணும். எழுபது வயதைத் தாண்டிய பாட்டிமாரிடம் உட்கார்ந்து கேளுங்கள், பெயர்களை மாற்றுங்கள், அனுமதி வாங்காமல் எழுதாதீர்கள்.

இரண்டு விஷயங்களில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பள்ளிக்கூடச் சீருடையில் இருக்கும் பெண்ணை நாயகியாக்காதீர்கள். நம் நாட்டுப் பொதுச் சட்டத்தில் 1995 முதல் திருமண வயது 18. சின்ன வயதுத் திருமணத்தால் படிப்பிழந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்தத் தோட்டப் பாடசாலை ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். அதற்கு மெருகு பூசும் வேலை நமக்கு வேண்டாம். மற்றது, வேலை கொடுப்பவனின் அதிகாரம். துரை வீட்டுப் பையன் கொழுந்தெடுக்கும் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து, அவள் முறைத்து, பிறகு மயங்கினாள் என்று வரும் கதைகளை நான் வெறுக்கிறேன். ‘மாட்டேன்’ என்று சொன்னால் நாளைக்குப் பேர் போடுவானா, நாட்சம்பளம் கிடைக்குமா என்று பயந்த நம் பாட்டிகளின் கதை அது. அதைக் காதல் என்று எழுதினால் அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

இடமும் பருவமும் பொய் சொல்லக்கூடாது

மலைநாடு என்றவுடன் மூடுபனி, அருவி, பச்சைக் கம்பளம் என்று எழுதத் தோன்றும். அது சுற்றுலாப் பயணி பார்க்கும் மலை. உங்கள் காதலர்கள் அதில் வேலை செய்கிறார்கள்.

மஸ்கெலியாவிலும் பண்டாரவளையிலும் ஒரே நாளில் ஒரே மழை பெய்யாது. ஜூன், ஜூலையில் ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழை கொட்டும்போது ஊவாவில் காய்ந்த காற்று அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறும் காலம் அது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் பனி விழுந்து கொழுந்து கருகும். டிசம்பர் போயா முதல் வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரை. அப்போது நல்லதண்ணி வீதியில் இரவெல்லாம் சனம் இருக்கும். தெரியாத முகங்களுக்கு நடுவே இருவர் பேசிக்கொள்ளலாம். பூத்த தேயிலைக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள் என்று எழுதுவதற்கு முன், கொழுந்தெடுக்கும் மலையில் செடியைப் பூக்க விடமாட்டார்கள் என்பதையும் நினையுங்கள். முக்கியமாக, கவ்வாத்து வெட்டிய மலையில் மறைவே கிடையாது. வெறும் குச்சிகள்தான் நிற்கும். அரை மைல் தூரத்திலிருந்து கங்காணி பார்த்துவிடுவார். நன்கு வளர்ந்த மலையில்கூடச் செடி இடுப்பு உயரந்தான். இதைத் தெரியாமல் எழுதிய ஒரு காதல் காட்சியைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி வாசித்தால் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவாள்.

மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் தோட்டத்தைத் தேடிப் போங்கள். மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள். காதலையும் அதன் சாவையும் வருடா வருடம் ஊர் கூடி ஆடிப் பார்த்த சனம் நாம். ரதி வேஷம் கட்டுபவன் ஓர் ஆண்பிள்ளை. அவன் புலம்பும்போது நிஜமாகவே அழும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒத்திகை நடக்கும் இரவுகளில் ஊரே களத்தில் கூடும், லயம் காலியாக இருக்கும். உங்கள் காதலர்களுக்கு அதைவிட நல்ல இரவு எது?

இப்போது ஒரு சின்னப் பயிற்சி. ஒரு பெண் பிள்ளை என்னிடம் கொண்டுவந்த முதல் பந்தி இப்படித் தொடங்கியது: ‘அவள் நிலவைப் போல அழகாக இருந்தாள். அவன் முதல் பார்வையிலேயே மயங்கினான்.’ அவன் என்ன வேலை என்று கேட்டேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கெழுதுகிறான் என்றாள். அப்படியானால் அங்கே நின்று பார்க்கச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

‘தராசுக் கொக்கியில் கூடையை மாட்டியபோது அவளுடைய விரல்களைப் பார்த்தான். கறை நகக்கண் வரைக்கும் ஏறியிருந்தது. ஆள்காட்டி விரலில் வெடிப்புக்குச் சுற்றிய துணி நனைந்து தொங்கியது. பதினெட்டரை என்று உரக்கச் சொன்னான். மழை நாள்; ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிக்க வேண்டும். எழுதும்போது ஒன்றுதான் கழித்தான். அவள் எண்ணைக் கவனித்தாள். அவனைப் பார்க்கவில்லை.’

அழகு என்ற சொல் இதில் இல்லை. ஆனால் அவன் மனம் தெரிகிறது. அதைவிட முக்கியம், அந்த ஒரு கிலோ. அதை அப்படியே விட்டுவிட்டால், முன்னே நான் வெறுப்பதாகச் சொன்ன கதையாகிவிடும். அதிகாரம் இருப்பவன் சலுகை காட்டி மனத்தை வாங்குகிற கதை. ஆகவே மறுநாள் அவள் வந்து, மற்றவர்களுக்குக் கழித்ததைத் தனக்கும் கழிக்கச் சொல்கிறாள். அவனுக்கு முகம் சிவக்கிறது. அந்த நிமிடத்தில்தான் நாவல் பிறந்தது. தராசுக்கு வெளியே, சமமாக நின்று பேச ஓர் இடத்தை அவன் தேட வேண்டும் அல்லவா? அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எட்டு அத்தியாயங்களை நிற்காமல் எழுதினாள்.

யார் யாரை எப்படி அழைப்பது

நாயகி நாயகனை ‘அத்தான்’ என்று அழைப்பது அச்சிலும் சினிமாவிலும் பழகியது. உங்கள் லயத்தில் யார் அப்படி அழைக்கிறார்கள்? முறைப்பையனை மாமா என்பவர்கள் இருக்கிறார்கள், மச்சான் என்பவர்கள் இருக்கிறார்கள். பிடித்தவனைச் சபையில் அண்ணன் என்று அழைத்துவிட்டு, தனியே இருக்கும்போது எந்தச் சொல்லும் வராமல் நிற்கும் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அவள் எந்த அத்தியாயத்தில் அண்ணனை விடுகிறாள் என்பதே ஒரு திருப்பம். நீங்களிலிருந்து நீயாவதும் அப்படித்தான்.

தோட்டத்துச் சொற்களை அப்படியே பயன்படுத்துங்கள்: பிரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா, மட்டக்கம்பு, படங்கு, அரைப்பேர். அடிக்குறிப்புப் போட்டு வாசகரைக் களைப்பாக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தாரோ மதுரைக்காரரோ வாசிக்கட்டும். காட்சி தெளிவாக இருந்தால் சொல் தானே விளங்கும்.

கொடுப்பது, வாங்குவது

எழுதி முடித்த நாவலை ஒரு மாதம் மூடி வையுங்கள். பிறகு ஒரே இருப்பில் வாசித்து, உங்களுக்கே அலுப்புத் தட்டிய இடங்களை வெட்டுங்கள். நம்பிக்கையான இருவருக்கு வாசிக்கக் கொடுங்கள். ஒருவர் தோட்டத்தில் வாழ்பவராக இருக்கட்டும்.

நாவலோடு நேரே பதிப்பகத்தின் கதவைத் தட்டாதீர்கள். ஞாயிறு வெளியீடுகளுக்குச் சிறுகதை அனுப்பிப் பெயரைப் பழக்கப்படுத்துங்கள். சன்மானம் சிறிது, சில இடங்களில் இல்லவே இல்லை. ஆனால் ஐந்தாறு கதைகள் வந்தபின் தொடர்கதை கேட்டு எழுதலாம். முதல் நாலு அத்தியாயங்களும் முழுக்கதையின் ஒரு பக்கச் சுருக்கமும் அனுப்பினால் போதும். தொடருக்கு ஓர் அத்தியாயம் 1,000 முதல் 1,500 சொற்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி திறந்தே இருக்க வேண்டும்.

இணையத்தில் பிரதிலிபி போன்ற தளங்களில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிடலாம். காதல் கதைக்கு அங்கே பெரும் வாசகர் கூட்டம் இருக்கிறது. அன்றன்றே கருத்தும் வரும். அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூலை நாமே போடலாம். உரிமைத்தொகை, விலையையும் விற்கும் நாட்டையும் பொறுத்து 35 அல்லது 70 வீதம். எந்தத் தளமானாலும், பணம் இலங்கை வங்கிக் கணக்குக்கு எப்படி வந்துசேரும் என்பதை முதலில் பார்த்துவிட்டுக் கதையைக் கொடுங்கள்.

உரிமை பற்றிக் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு தேவையில்லை. உங்கள் ஆயுளும் அதன்பின் 70 வருடங்களும் அது நீடிக்கும். புனைபெயரில் எழுதினாலும் உரிமை உங்களுடையதே; ஆனால் எழுதியவர் யாரென்று தெரியாதவரை, முதல் வெளியீட்டிலிருந்து 70 வருடங்கள்தான் நீடிக்கும். வீட்டாருக்குப் பயந்து புனைபெயரில் எழுதும் பெண்கள் நம்மிடையே அதிகம். ஒப்பந்தத்தில் உங்கள் இயற்பெயரையும் புனைபெயரையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். என் இரண்டாவது நாவலை வாய்வார்த்தையை நம்பி ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்தேன். எத்தனை பிரதி அச்சிட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு ரூபாயும் வரவில்லை. அதே கதையை வேறிடத்தில் வெளியிடப் போனபோதுதான், என் கையில் ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை என்பது உறைத்தது. ஆகவே எழுத்தில் கேளுங்கள்: எத்தனை பிரதி, எத்தனை வருடம், அச்சுக்கு மட்டுமா அல்லது மின்னூல், ஒலிநூல், சிங்கள மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்குமா. ஒவ்வொன்றும் தனி உரிமை. மொத்தமாகக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. கேட்டதற்காகக் கோபிக்கும் பதிப்பாளரிடம் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

சொந்தமாக அச்சிடுவதானால், கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் சர்வதேச நியம நூல் எண்ணுக்கு (ISBN) விண்ணப்பியுங்கள். 13 இலக்கங்கள், நம் நாட்டு நூல் என்பதை 955 அல்லது 624 காட்டும். எண் இல்லாத நூலைப் பெரிய புத்தகசாலைகளிலும் நூலகங்களிலும் சேர்ப்பது கடினம். முதல் பதிப்புக்கு 300 பிரதி போதும். ஆயிரம் அடித்து ஈரச்சுவர் ஓரத்தில் அடுக்கி வைத்தால், மலைநாட்டுக் குளிரில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

அச்சுச் செலவு திரும்புவது பெரும்பாலும் வெளியீட்டு விழாவில்தான். முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வாங்குபவர்கள் கடித உறையில் வைத்துத் தரும் பணத்தை அன்றிரவே எண்ணி, அச்சகத்துக் கடனை முதலில் அடையுங்கள். புத்தகசாலைகளில் விற்ற பின்பே பணம். அவர்கள் எடுத்துக்கொள்ளும் கழிவுத்தொகையையும் சேர்த்து விலை போடுங்கள். செப்டெம்பர் சாகித்திய மாதம். கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சியும் அப்போதுதான். ஜூலைக்குள் அச்சு முடிந்திருந்தால் அந்தச் சந்தைக்குப் போய்விடலாம்.

இதையெல்லாம் செய்தபின்னும், இலங்கையில் தமிழ்க் காதல் நாவலை மட்டும் நம்பி வீட்டுச் செலவை ஓட்டும் ஒருவரை நான் சந்தித்ததில்லை. வேலையை விடாதீர்கள் என்று முன்னே சொன்னது அதனால்தான். சம்பளம் வேலையிலிருந்து வரட்டும். நாவலிலிருந்து வரும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அடுத்த நாவலின் அச்சுக்கு வையுங்கள். என் நாலாவது புத்தகம் அப்படித்தான் கடனில்லாமல் வந்தது.

விழாவில் மிஞ்சும் பிரதிகளில் இரண்டை, நீங்கள் எந்தத் தோட்டத்தைப் பற்றி எழுதினீர்களோ அங்குள்ள பாடசாலை நூலகத்துக்குக் கொடுங்கள். ஒரு வருடம் கழித்துப் போய் அதை வாங்கிப் பாருங்கள். நான் கொடுத்த பிரதி ஒன்று அட்டை கிழிந்து, கலண்டர் தாளில் புது அட்டை போட்டு, கைமாறிக் கைமாறித் தடித்துப் போயிருந்தது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில், நாயகி கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு அவனோடு நடந்து போகும் இடத்தில், யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: ‘நோர்வூட்டுக்கு அதற்குப் பிறகும் ஒரு பஸ் இருக்கிறது.’ விசாரித்துப் பார்த்தேன், உண்மைதான். இரண்டாம் பதிப்பில் அந்த பஸ்ஸை வரவைத்து, அவளை அதில் ஏறவிடாமல் செய்தேன்.